ஆரெண்டே தெரியாத ஆளுக்குத் தபாலட்டை போடுறது எப்பிடி? யாழ்ப்பாணத்தில இருந்து துவங்கிறவைக்கு

இந்தப் பழக்கத்தைத் தேடிக்கொண்டு வாற ஆக்கள் குறைவு, முக்கால்வாசிப் பேருக்கு இது தற்செயலாத்தான் ஒட்டுறது. ஆற்றையோ வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள்ள பின்லாந்துப் பனிக்காடு போட்ட அட்டை ஒண்டைக் கண்டு, அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு கேட்க, ஒருத்தரும் இல்லை, போட்ட ஆள் ஆரெண்டே தெரியாது எண்டு அவை சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம் பாருங்கோ, அதில துவங்கும். முத்திரை சேர்க்கிற ஆக்கள் வேற வழியால வருவினம், வெளிநாட்டு முத்திரைக்காண்டி உள்ளுக்க வந்து பிறகு முத்திரையை மறந்து அட்டையோட நிப்பினம். கொரோனாவுக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கேக்க போனை நோண்டிக் கண்டுபிடிச்ச ஆக்களும் இருக்கினம். ஒக்டோபர் 1 உலகத் தபாலட்டை நாள், 1869இல அதே திகதியிலதான் ஒஸ்திரியா-ஹங்கேரியில உலகத்தின்ர முதல் தபாலட்டை வந்தது, அந்த நாளை ஒட்டி ஆரும் படம் போட அதைப் பாத்து வாறவையும் இருக்கினம்.

எங்கட ஊருக்கு வெளிநாட்டுக் கடிதம் ஒண்டும் புதுசில்லைத்தான், நீலக் கலர் ஏரோகிராமுக்குப் படலையில காத்துக்கொண்டு நிண்ட தலைமுறை இன்னும் வீட்டில இருக்கு. ஆனா அது எல்லாம் மாமா, சித்தி, மச்சாள் போட்டது. சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை, அந்த ஆளுக்கு நீ ஏன் காசு குடுத்து முத்திரை ஒட்டுறாய் எண்டு அம்மா கட்டாயம் கேட்பா. அதுக்கு ஒரு பதிலை யோசிச்சு வச்சுக்கொண்டு துவங்குங்கோ.

சரி, விசயத்துக்கு வாறன். இதுக்கெண்டு கனபேர் பாவிக்கிறது போஸ்ட்குரொசிங் எண்ட தளம். போர்த்துக்கலைச் சேர்ந்த பவுலோ மகல்யாய்ஸ் எண்டவர் 2005 ஜூலை 14 துவக்கினவர், சேர்றதுக்குக் காசு இல்லை, அட்டைக்கும் முத்திரைக்கும்தான் செலவு. இதில புதுசா வாற எல்லாரும் குழம்புற இடம் ஒண்டு இருக்கு: நீங்கள் ஆருக்குப் போடுறீங்களோ அவர் உங்களுக்குத் திருப்பிப் போடமாட்டார். நீங்கள் விலாசம் கேட்டா தளம் ஏதோ ஒரு நாட்டில ஒரு ஆளின்ர விலாசத்தையும், எல்கே எண்டு துவங்கிற இலக்கம் ஒண்டையும் தரும் (எல்கே எண்டது இலங்கைக்கு). அந்த இலக்கத்தை அட்டையில எழுதிப் போடுறீங்கள், அது கிடைச்ச ஆள் இலக்கத்தைத் தளத்தில பதியிறார், அவர் பதிஞ்ச உடன உங்கட விலாசம் வேற ஒரு நாட்டில வேற ஒரு ஆளுக்குப் போகும், அவர்தான் உங்களுக்கு அட்டை போடுவார். சீட்டுக் காசு மாதிரித்தான், ஒரு இடத்தில குடுத்தா வேற இடத்தால வந்து சேரும். ஆனபடியால் பேனா நண்பர் தேடுற ஆக்களுக்கு இது சரிவராது, ஒரு அட்டையோட அந்த ஆளின்ர கதை முடிஞ்சிடும், எனக்கு அதுதான் இதில பிடிச்சதே.

விலாசம் பதியேக்க கொஞ்சம் மெனக்கெடுங்கோ. தளத்தில என்ன பட்டப்பேரும் வைக்கலாம், ஆனா விலாசத்தில தபால்காரருக்குத் தெரிஞ்ச பேர் இருக்கவேணும். எங்கட ஒழுங்கையளில வீட்டு இலக்கம் ஒழுங்கா இருக்கிறது அருமை, 12க்குப் பக்கத்தில 47 இருக்கும், பழைய இலக்கம் ஒண்டு புது இலக்கம் ஒண்டு எண்டு ரெண்டு இருக்கும், தபால்காரர் அப்பாவின்ர பேரை வச்சுத்தான் வீட்டைப் பிடிப்பார். அப்ப அப்பாவின்ர பேரையும் சேத்துப் போடுங்கோ, ஒழுங்கை எந்தக் கோயிலடி எண்டும் ஒரு சொல்லுப் போடலாம். ரவுணுக்குள்ள எண்டா தபால் குறியீடு 40000. எல்லாம் ஆங்கில எழுத்தில, கடைசி வரியில நாடு பெரிய எழுத்தில. விலாசம் எல்லாருக்கும் தெரியுமோ எண்டு பயப்பிடத் தேவையில்லை, உங்களுக்குப் போடப்போற ஆளுக்கு மட்டும்தான் காட்டும். சின்னப் பிள்ளையள் எண்டா வீட்டில கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ.

இனி அட்டை. யாழ்ப்பாணத்தில உண்மையான தலையிடி இதுதான். கடையளில கிடைக்கிறது பெரும்பாலும் சிகிரியா, யானை, தேயிலை கொய்யிற அம்மா, தடியில இருந்து மீன் பிடிக்கிற ஆள். நல்லூரோ பொது நூலகமோ கோட்டையோ போட்ட அட்டையைக் கண்டா யோசிக்காம கொஞ்சத்தை வாங்கி வையுங்கோ. இல்லாட்டி நீங்களே செய்யலாம். உங்கட போனில இருக்கிற ஒரு நல்ல படத்தை, நெடுந்தீவுக் குதிரையோ, பருத்தித்துறை வெளிச்சவீடோ, வீட்டு முற்றத்துப் பனையோ, ஸ்ரூடியோவில குடுத்து ஆறுக்கு நாலு சைசில பிரிண்ட் எடுங்கோ. ஆனா அதை அப்பிடியே போடேலாது. அந்தப் பேப்பரின்ர பின்பக்கம் வழுவழு எண்டு இருக்கும், போல்பொயின்ற் பேனை வழுக்கும், ஜெல் பேனை எண்டா கை பட்ட உடன அப்பிக்கொண்டு போகும். பின்னால வெள்ளைப் பிரிஸ்டல் போட் ஒண்டை அளவா வெட்டி ஒட்டி, ராத்திரி முழுக்க பாரமான புத்தகத்துக்குக் கீழ வையுங்கோ, விடிய எடுத்தா வளையாம விறைப்பா இருக்கும், எழுதவும் வடிவா இருக்கும். மூலையள் கிளம்பி இருந்தா இன்னொருக்காப் பசை தடவுங்கோ, கிளம்பின மூலை தபால் பிரிக்கிற மிசினில மாட்டிக் கிழியும். பனையோலையில செய்த அட்டையள் பாக்க நல்ல வடிவுதான், ஆனா கவருக்குள்ள வச்சு அனுப்புங்கோ, வெறுமனே போட்டா நொறுங்கிப்போகும்.

அட்டை போடப்போற ஆளின்ர அறிமுகத்தை ஒருக்கா வாசியுங்கோ. பூனை பிடிக்கும், ரயில் பிடிக்கும், வெளிச்சவீடு பிடிக்கும் எண்டு எழுதி வச்சிருப்பினம். இருந்தா அதைப் போடுங்கோ, இல்லாட்டி அதுக்காண்டி ஊரெல்லாம் அலையத் தேவையில்லை, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். பட்டியல் நீட்டா எழுதி இதெல்லாம் வேண்டாம் எண்டு சட்டம் போடுற ஆக்களும் இருக்கினம், அவைக்கு யானையைப் போட்டு விடுங்கோ.

என்ன எழுதுறது எண்டதிலதான் கனபேர் நிண்டுடுவினம். ஹலோ, நான் இலங்கை, எங்கட நாடு அழகான தீவு எண்டு எழுதினா அது எந்த அட்டையிலயும் இருக்கும். அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ. காலமை புட்டும் மாம்பழமும் சாப்பிட்டது, சோளகக் காத்துக்குப் பட்டம் விடுற பெடியள் கரண்ட் கம்பியில மாட்டினது, நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் ரோட்டு மூடி இருக்கிறது. புட்டு எண்டா என்ன எண்டு ஒரு வரி, அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் அவிச்சது எண்டு. ஜேர்மனியில ஒரு ரீச்சரம்மா அதை வாசிச்சுப்போட்டு வகுப்பில காட்டுவா. தமிழில ஒரு வரியும் எழுதுங்கோ, எங்கட எழுத்தின்ர வளைவைப் பாத்து ஆக்கள் நல்லா சந்தோசப்படுவினம்.

எழுதுற இடம் இடப்பக்கம், விலாசம் வலப்பக்கம், முத்திரை வலது மேல் மூலை. அடியில ஒரு விரலளவு வெறுமையா விடுங்கோ, சில நாடுகளில மிசின் அதில கோடு கோடா அடிக்கும், நீங்கள் எழுதினது அதுக்குக் கீழ போயிடும். இலக்கத்தை ரெண்டு இடத்தில எழுதினாப் பாதுகாப்பு, ஒண்டில சீல் விழுந்தாலும் மற்றது மிஞ்சும். இலக்கம் அழிஞ்சா அட்டை போய்ச் சேர்ந்தும் பிரயோசனம் குறைவு.

தபால் கந்தோரில வெளிநாட்டுத் தபாலட்டைக்கு எவ்வளவு எண்டு கேட்டு அதுக்குரிய முத்திரையை வாங்குங்கோ, கட்டணம் மாறிக்கொண்டிருக்கும், ஆரோ சொன்ன கணக்கை நம்பி ஒட்டாதேங்கோ. ஒரு பெரிய முத்திரைக்குப் பதிலா குருவி, பூ, மீன் எண்டு படம் இருக்கிற ரெண்டு மூண்டு முத்திரை தரச்சொல்லிக் கேட்டுப்பாருங்கோ, சனம் இல்லாத நேரமா போனா பொறுமையாத் தேடித் தருவினம். சில காலம் சில நாட்டுக்குத் தபால் நிப்பாட்டி இருக்கும், அதையும் அங்கயே கேளுங்கோ. மாரி மழைக்க ரோட்டோரப் பெட்டியில போடாம கையில குடுக்கிறதுதான் நல்லது, ஈரம் பட்டா மை கரைஞ்சிடும்.

பிறகு மறந்திடோணும். எங்கட அட்டை முதல்ல கொழும்புக்குப் போய்த்தான் பிளேன் ஏறவேணும், கிழமைக் கணக்கில எடுக்கும், சிலது மாதக் கணக்கு. புதுசா வந்தவை ஒரே நேரத்தில ஐஞ்சு அட்டைதான் அனுப்பலாம், போய்ச் சேரச் சேரத்தான் அந்த எண்ணிக்கை கூடும். 60 நாளில பதியாத அட்டை காலாவதிப் பக்கத்துக்குப் போகும், அப்ப அந்த இடத்துக்கு வேற விலாசம் கேட்கலாம், பிந்தி வந்தாலும் அவையால பதியேலும். ஐஞ்சையும் முதல் நாளே அனுப்பிப்போடுங்கோ, ஒண்டை மட்டும் அனுப்பிப்போட்டுப் பாத்துக்கொண்டிருந்தா அலுத்து விட்டிடுவீங்கள்.

உங்களுக்கு அட்டை வந்தா அண்டைக்கே பதியுங்கோ, நீங்கள் பதிஞ்சாத்தான் போட்ட ஆளுக்கு அவற்றை முறை வரும். இலக்கம் வாசிக்கேக்க கவனம். ஜேர்மன்காரர் 1 எழுதினா மேல நீட்டா ஒரு இழுவை இருக்கும், பாத்தா எங்களுக்கு 7 மாதிரி, அவையின்ர 7க்கு நடுவில ஒரு குறுக்குக் கோடு இருக்கும். பதியேலாம நிண்டா முதல்ல இந்த ரெண்டையும் மாத்திப் பாருங்கோ. அதுக்கும் சரிவராட்டி தளத்தில இலக்கம் தேடித் தரச்சொல்லிக் கேட்கிற படிவம் இருக்கு, எந்த நாடு, அட்டையில என்ன படம், என்ன எழுதி இருக்கு எண்டு நிரப்பி அனுப்பினா அவை தேடித் தருவினம். பதியேக்க நன்றி எண்டு மட்டும் எழுதாம, அட்டை எப்ப வந்தது, வீட்டில ஆர் முதல்ல எடுத்துப் பாத்தது எண்டு ரெண்டு வரி போட்டு விடுங்கோ.