டிசம்பர்ல கனடா, யூரோப் போய் கார் ஓடப் போறீங்களா? இதை வாசிச்சிட்டு போங்கோ

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கம் எந்த வீட்டைக் கேட்டாலும் டொரண்டோவிலயோ ஒஸ்லோவிலயோ சூரிச்சிலயோ ஒரு அண்ணாவோ சித்தியோ இருக்கினம், லீவுக்குப் போற ஆக்கள் அங்க "நான் ஓடுறன்" எண்டு திறப்பை வாங்கிறதும் இப்ப சாதாரணம். ஓடலாம், ஆனா கொழும்பின்ட காலி வீதியில பழகின கை கால் அங்க ஸ்னோவும் ஐஸும் கிடக்கிற ரோட்டில சரிவராது.

எங்கட பழக்கம் முன்னால போற வாகனத்தின்ட பம்பரை ஒட்டிக்கொண்டு போறது, இடைவெளி விட்டா ஒரு த்ரீவீல் மூக்கை நுழைச்சிடும். அங்க அது ஆபத்து: ஐஸ் ரோட்டில கார் நிக்கிறதுக்கு காஞ்ச ரோட்டைவிட பத்து மடங்கு தூரம் வரைக்கும் எடுக்கலாம் எண்டு பிரிட்டனின்ட வீதி விதிப் புத்தகமான ஹைவே கோட் சொல்லுது. ஆரும் உள்ளுக்க பூந்தா பூரட்டும், நீங்க திரும்பவும் பின்னுக்கு தள்ளி வாங்கோ.

அடுத்தது பிரேக். சந்தி வர கன தூரத்துக்கு முதலே அக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்கோ, கார் தானா வேகம் குறையட்டும், பிறகு மெதுவா அமத்துங்கோ. சில்லு இறுகி வழுக்காம பாக்கிற ஏபிஎஸ் பிரேக் வேலை செய்யேக்க பெடல் காலுக்கு கீழ கடகடவெண்டு அதிரும், பழுதாப் போச்சு எண்டு பயந்து காலை எடுத்திடாதீங்கோ, அப்பிடியே அமத்திப் பிடியுங்கோ. கார் வழுக்கினா போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவா திருப்புங்கோ, வெடுக்கெண்டு வெட்டக்கூடாது. ஃபோர் வீல் எண்டா பயமில்லை எண்டு சொல்லுறவையை நம்பாதீங்கோ, அது கிளம்ப உதவும், நிப்பாட்ட உதவாது.

ஸ்னோ கண்ணுக்குத் தெரியும், அதைவிட மோசம் பிளாக் ஐஸ், ரோட்டில லேசில கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ். ரோட்டு சும்மா ஈரமா இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஒரு அடையாளம் இருக்கு, ரோட்டு நனைஞ்ச மாதிரி இருந்தும் முன்னால போற காரின்ட டயர்ல இருந்து தண்ணி தெறிக்கேல்லை எண்டா அது ஐஸா இருக்கலாம். பாலத்துக்கு கீழாலயும் குளிர் காத்து போறதால பாலந்தான் முதல் உறையும். நுவரெலியா மூட்டத்துக்க ஓடின அனுபவம் இதுக்கு கனக்க உதவாது, அங்க பிரச்சினை பார்வை, இங்க பிடிமானம். ஐஸை உருக்க ரோட்டில உப்பு கொட்டியிருக்கு எண்டும் நம்பி ஓடாதீங்கோ, மைனஸ் 10க்கு கீழ போகப் போக உப்பு வேலை செய்யிறது குறையும், அதாலதான் கனடாவின்ட வின்னிபெக் மாதிரி கடுங்குளிர் ஊருகளில பிடிமானத்துக்கு மண்ணும் கொட்டுறவை.

கார்ல என்ன டயர் எண்டு கட்டாயம் கேளுங்கோ. 7 டிகிரிக்கு கீழ சாதாரண டயர் ரப்பர் இறுகிடும், வின்டர் டயர் மெதுவாவே இருக்கும். சட்டம் இடத்துக்கு இடம் வேற: கனடாவின்ட கியூபெக் மாகாணத்தில பதிஞ்ச கார்களுக்கு டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம், பக்கத்து ஒன்டாரியோவில கட்டாயமில்லை, எண்டாலும் போட்டா இன்சூரன்ஸ் குறையும். ஜெர்மனியில ஐஸ், ஸ்னோ ரோட்டில வின்டர் டயர் வேணும், 2024 ஒக்டோபர்ல இருந்து மலையும் ஸ்னோ பூவும் போட்ட அடையாளம் இருக்கிற டயர்தான் செல்லும். நோர்வேயில ஐஸைப் பிடிக்க ஆணி பதிச்ச டயரிலயும் ஓடலாம், ஒஸ்லோவுக்குள்ள அதுக்கு கட்டணம் இருக்கு. சுவிஸ்ல பொதுச் சட்டமில்லை, ஆனா மலை ரோட்டில செயின் போர்டு கண்டா டயரைச் சுத்தி செயின் போட்டே ஆகோணும், ஃபுர்கா மாதிரி உயரமான பாதையளை வின்டர்ல பூட்டிடுவினம்.

வெளிக்கிட முதல் கண்ணாடி மட்டுமில்லை, கூரையில இருக்கிற ஸ்னோவையும் தள்ளுங்கோ, பிரேக் பிடிக்க அது வழுகி முன் கண்ணாடியை மூடிடும். உறைஞ்ச கண்ணாடிக்கு சுடுதண்ணி ஊத்தினா வெடிக்கலாம். கண்ணாடி கழுவுற வாஷருக்கு உறையிற வெறும் தண்ணி விடாதீங்கோ, வின்டர் ஃபுளூயிட்தான் விடோணும். டாங்க் அரைவாசிக்கு கீழ போக விடாதீங்கோ. ஸ்னோவுக்க இறுகி நிண்டா, எஞ்சினை ஓட விடமுதல் சைலன்சர் வாயை துப்புரவாக்குங்கோ, அடைஞ்சிருந்தா நச்சுப் புகை உள்ளுக்க வந்து ஆளையே கொல்லும். ஒன்டாரியோவில நீல லைட் மின்னுற ஸ்னோ பிளவ் (ஸ்னோவைத் தள்ளுற லொறி) முன்னால போனா முந்தாதீங்கோ, அதுக்குப் பின்னால வாற ரோட்டுத்தான் நல்ல ரோட்டு.

போக முதல் இங்க ஓட்டோமொபைல் அசோசியேஷன்ல இன்டர்நேஷனல் பெர்மிட்டை எடுங்கோ, சொந்தக்காரரின்ட காரை ஓடுறதெண்டா இன்சூரன்ஸ்ல உங்களுக்கும் கவர் இருக்கோ எண்டு அவையைக் கேட்டு உறுதிப்படுத்தினாப் பிறகு திறப்பை வாங்குங்கோ.