குட்டியானையில் குடித்தனம்

என் தங்கை மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன மாதம் மனைவியோடு வந்தவன், ஒரு வருஷம் வண்டியிலேயே தங்கி ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கப்போவதாகச் சொன்னான். "பெரியம்மா, இதுல நீங்கதான் அனுபவசாலி" என்று ஒரு பட்டியலை நீட்டினான். 63 சாமான். காபி மெஷின் இருந்தது. மூடி போட்ட பக்கெட் இல்லை.

எங்களுக்குக் குடியாத்தம். திருவிழா வளையல் கடை. மாசியில் வள்ளிமலைத் தேர், வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடியில் படவேடும் ரத்தினகிரிக் கிருத்திகையும், கார்த்திகையில் சோளிங்கர், திருவண்ணாமலை தீபம். பதினோரு வருஷமாக வருஷத்தில் எட்டு மாதம் நானும் வீட்டுக்காரரும் மூடின பாடி வைத்த டாடா ஏஸில்தான் படுத்து எழுகிறோம். அதைத்தான் ஊரில் குட்டியானை என்கிறோம். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அவன் கேட்டது, காருக்குப் பின்னால் இழுக்கிற ட்ரெய்லர் வாங்கலாமா என்று. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். ட்ரெய்லருக்குத் தனியாகப் பதிவு எண் வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது திரும்பும். குடியாத்தம் பஜாரில் ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தால் தெரிந்துவிடும். பாரம் ஏற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கிமேல் அழுத்த வேண்டும். பாரமெல்லாம் பின்பக்கம் போய்விட்டால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும், காரையும் சேர்த்து இழுக்கும். எங்கேயாவது ஒரே இடத்தில் இரண்டு மாதம் கழற்றிப் போட்டுவிட்டுக் காரில் சுற்றுபவர்களுக்குத்தான் ட்ரெய்லர் சரி.

எங்கள் வண்டியின் பின்பக்கம் ஏழடிக்குக் கொஞ்சம் அதிக நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். நீளவாக்கில்தான் படுக்க முடியும். இரண்டு வரிசை டிரங்குப் பெட்டி, மேலே பலகை, அதன்மேல் மெத்தை. சரக்கெல்லாம் படுக்கைக்கு அடியில். பெட்டி, பலகை எதையும் நாங்கள் வண்டியோடு சேர்த்து முடுக்கவில்லை. பாடியையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி ஓடும்போது பின்னால் யாரும் உட்காரக் கூடாது, தூக்கம் வந்தாலும்.

இனி வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் தகரப் பெட்டியை வெயிலில் நிறுத்தினால் ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே தோசை சுடலாம். முதல் வருஷம் கூரைமேல் ஈரச்சாக்கு போட்டோம். குளிர்ச்சிதான், ஆனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் கேட்டது. ஒரே கோடையில் கூரை துருப்பிடித்தது. இப்போது செய்வது இதுதான்: கூரைக்கு வெள்ளை பெயின்ட், அதற்கு அரை அடி மேலே மூங்கில் வைத்துத் தார்ப்பாய். அந்த அரை அடி இடைவெளிதான் முக்கியம். தார்ப்பாய் கூரையைத் தொட்டால் சூடு அப்படியே இறங்கும். இடைவெளி இருந்தால் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். உள்பக்கம் தெர்மாகோல் ஷீட், மேலே மெல்லிய பிளைவுட். எதிரெதிராக இரண்டு சன்னல் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். மழைக்காலத்திலும் சன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். இரண்டு பேர் விடுகிற மூச்சு விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டும்.

மரத்தடியிலும் பார்த்து நிறுத்த வேண்டும். தென்னை கூடவே கூடாது. அரசமரத்தில் பறவைகள் அடைந்தால் காலையில் வண்டி கழுவத்தான் நேரம் சரியாக இருக்கும். புளிய மரத்தடியில் படுக்கக் கூடாது என்பாள் என் மாமியார்; காரணம் சொன்னதில்லை, நானும் படுத்ததில்லை. புங்கமரம் கிடைத்தால் விடாதீர்கள், அடுத்தது வேம்பு. மரம் வண்டிக்கு மேற்கே இருக்க வேண்டும். காலை வெயிலைத் தாங்கலாம், மூன்று மணி வெயில்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது.

வறண்டு கிடக்கிறது என்று ஆற்று மணலில் மட்டும் நிறுத்தாதீர்கள். நாங்களும் வருஷக்கணக்காகக் கவுண்டன்ய ஆற்றோரம் நிறுத்தியவர்கள்தான். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி அதே ஆற்றில் வெள்ளம் ஓடியதைக் கரையில் நின்று பார்த்தோம். அன்றோடு விட்டோம்.

தண்ணீர்க் கணக்கு எளிது. குடிக்க, சமைக்க எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு எட்டு லிட்டர், பாத்திரம் கழுவ ஐந்து. இருபது லிட்டர் கேன் இரண்டு போதும். அதற்குமேல் சுமக்காதீர்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ, இந்த வண்டி தாங்குவதே முக்கால் டன்னுக்குள்தான். கேன்களைக் கீழே, கேபின் பக்கமாக வையுங்கள். குளியல் வெளியில். பம்ப் செட் ஓடுகிற நிலமாகப் பார்த்து அந்த வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். ஆம்பளைகள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பெண்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோப்பையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டஜன் வளையல் கொடுப்பேன். உங்களிடம் வளையல் இருக்காது, பிஸ்கட் வாங்கிப் போங்கள்.

அடுத்து, யாரும் எழுதாத விஷயம். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், இரண்டு வருஷம். கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் நாலு நாள். அந்த டாக்டரம்மா திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. பெண்கள் குடிக்க வேண்டியதைக் குடியுங்கள், அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் கழிவறையும் குடிதண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும், டீசல் போட்டாலும் போடாவிட்டாலும். சாவி இல்லை என்பார்கள். அங்கேயே நின்றால் சாவி வரும். சுங்கச்சாவடிகளிலும் கழிவறை உண்டு. நடுராத்திரிக்குத்தான் அந்த மூடி போட்ட பக்கெட். அடியில் மரத்தூள், மேலே மரத்தூள். மர வாடியில் ஒரு மூட்டை கேட்டு வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்குகிற வகை கிடைக்கிறது, ஊர் சுற்றுபவர்களுக்கு அதுதான் வசதி. எங்களுக்கு மூன்று வாரம் வரும். வண்டிக்குள் சமைக்கவே சமைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். நம் படுக்கையும் அங்கேதான். சிலிண்டருக்கு வெளியில், அடியில் ஓட்டை போட்ட தனிப்பெட்டி. படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். கேழ்வரகு மாவு, புளிக்காய்ச்சல், ஊறுகாய் இருந்தால் மற்றதை அந்தந்த ஊர்ச் சந்தை கொடுக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்கிற நாளில் வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

கரண்டுக்கு 100 வாட் சோலார் பேனல், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. 12 வோல்ட் ஃபேன் 15 வாட், பத்து மணி நேரத்துக்கு 150 வாட்-ஹவர். லைட், போன் எல்லாம் சேர்த்தாலும் 220 தாண்டாது. நல்ல வெயிலில் பேனல் 400 கொடுக்கும். தங்கை மகனுக்கு இது போதாது. 60 வாட் லேப்டாப் எட்டு மணி நேரம் ஓடினால் அதுவே 480, அவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கு இன்னும் மூன்று பேனலாவது வேண்டும். சாதா பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், சீக்கிரம் செத்துவிடும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வாயு வரும், தலைமாட்டில் வைக்காதீர்கள்.

புது ஊரில் முதல் வேலை, இருட்டுவதற்கு முன் டீக்கடையில் உட்காருவது. யார், எந்த ஊர், எத்தனை நாள் என்று நாமே சொல்லிவிட்டால் ராத்திரி யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். ஹைவேயில் என்றால் லாரிகள் நிற்கிற பங்கில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், ரோட்டோரம் வேண்டாம். படுக்கும் முன் பலகைமேல் டம்ளரில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் டயருக்கு அடியில் பலகை கொடுங்கள், இல்லாவிட்டால் தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள். கொசுவலை கட்டாயம்.

சண்டை வரும். ஐந்தடி அகலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்க முடியாது. எங்கள் ஏற்பாடு, கோபப்பட்டவர் கேபினுக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலும் அவர்தான் போவார். ரேடியோ அங்கேதான் இருக்கிறது.

புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே வண்டியில் ஏழு நாள் தங்கிப் பாருங்கள். அது முடிந்ததும் ஏலகிரிக்கு ஒரு நடை. 14 கொண்டை ஊசி வளைவு, முழுப் பாரத்தோடு ஏறுங்கள், ஏறின கியரிலேயே இறங்குங்கள். வாசலில் இருக்கும் ஏழு நாளில் எதற்கெல்லாம் வீட்டுக்குள் ஓடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள், அதுதான் உண்மையான பட்டியல். நான் முதல் நாளே ஓடினேன், பாக்குவெட்டிக்கு. தங்கை மகன் மூன்றாம் நாள்தான் ஓடினான், பக்கெட்டுக்கு.