லூர்து படைவீரர் திருப்பயணத்தில் ஆயரைச் சந்திக்க விரும்புவோருக்கு

பிரான்சில் பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள லூர்து நகருக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் பல நாட்டுப் படைவீரர்கள் சீருடையோடு திருப்பயணம் வருகிறார்கள். பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி தந்த 1858ஆம் ஆண்டின் நூற்றாண்டு நிறைவில், 1958இல், இது பன்னாட்டுத் திருப்பயணமாகத் தொடங்கியது. தலைமுறைகளாகப் பிரெஞ்சுப் படையில் பணியாற்றும் புதுச்சேரி ‘சொல்தா’ குடும்பங்களின் பிள்ளைகளுக்கு லூர்து அந்நியமான ஊரல்ல. மறையுரைகளின் வழியாகத் தாம் நெடுநாள் மதித்துவந்த ஓர் ஆயரை (பிஷப்பை) அங்கே நேரில் கண்டு நான்கு வார்த்தை பேச விரும்பும் இளம் வீரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நாட வேண்டியவர் உங்கள் படைப்பிரிவின் ஆன்ம குரு. பிரெஞ்சுப் படையில் அவரைப் ‘பாத்ரே’ என்று அழைப்பார்கள். யாரோடு பேசுகிறாரோ அவருடைய பதவியே தமக்கும் என்பது அவரைப் பற்றிய பழைய மரபு. ஆகவே சாதாரணச் சிப்பாயும் அவரிடம் தயங்காமல் பேசலாம். பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே, எந்த ஆயரை, எதற்காகச் சந்திக்க விரும்புகிறீர்கள் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986இல் வெளியிட்ட ஆணையின்படி படைவீரர்களுக்கான திருச்சபை அமைப்புகளான படைத்துறை ஆட்சியகங்கள், ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டங்களுக்கு இணையானவை. அதனால் உங்கள் நாட்டின் படைத்துறை ஆயர் உங்களுடைய சொந்த ஆயரே, நீங்கள் அவரைத் தேடிச் செல்வது உரிமையுள்ள பிள்ளை தந்தையைத் தேடிச் செல்வது போன்றதே. வேறு நாட்டு ஆயரையோ கர்தினாலையோ காண விரும்பினால், அந்நாட்டுக் குழுவின் ஆன்ம குருவிடம் உங்கள் பாத்ரே பேசட்டும்.

நேரத்தைத் தேர்ந்துகொள்வதில்தான் பலர் தவறுகிறார்கள். புனித பத்தாம் பயஸ் நிலத்தடிப் பேராலயத்தில் ஞாயிறு காலை நடக்கும் பன்னாட்டுத் திருப்பலி முடிந்ததும் எல்லோரும் ஆயர்களை நோக்கி நகர்வார்கள்; இருபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அந்த மண்டபத்தில் ஒருவரை எட்டிப் பிடிப்பது கடினம், எட்டினாலும் பேச்சு கைகுலுக்கலோடு முடிந்துவிடும். உங்கள் நாட்டுக் குழு தனியாகக் கூடும் திருப்பலியும் சிலுவைப்பாதையும் இதைவிடப் பன்மடங்கு ஏற்றவை. இரவில் மெழுகுவர்த்திப் பவனி நடக்கும்போது யாரையும் இடைமறிக்காதீர்கள். மாதா காட்சி தந்த மசபியேல் கெபியின் முன் ஆயர் மௌனமாக நின்றால், நீங்களும் சற்றுத் தள்ளி மௌனமாக நில்லுங்கள், அவ்விடம் பேசுவதற்கானதன்று. (அந்த நிலத்தடிப் பேராலயத்தை 1958 மார்ச்சில் அர்ச்சித்தவர் கர்தினால் ரொன்காலி. முதல் உலகப் போரில் மருத்துவப் படையில் சார்ஜெண்டாகவும் பின்னர் ஆன்ம குருவாகவும் பணியாற்றிய அவரே அதே ஆண்டு அக்டோபரில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் ஆனார். படைவீரர் கூடும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கை எனக்குத் தோன்றவில்லை.)

பிரெஞ்சு ஆயரை ‘மொன்சேஞ்ஞேர்’ என்று விளிக்க வேண்டும். மோதிரத்தை முத்தமிடும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. அவர் கைகுலுக்கக் கை நீட்டினால் குலுக்குவதே மரியாதை. சீருடையில் இருப்பவர் எப்போது தொப்பியைக் கழற்றுவது, எப்போது சல்யூட் செய்வது என்பதை உங்கள் படையின் விதிப்படி முன்கூட்டியே கேட்டறிந்து கொள்ளுங்கள். பெயர், படைப்பிரிவு, ஊர் ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவருடைய எந்தச் சொல் எந்த நேரத்தில் உங்களைத் தாங்கியது என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். பொதுவான புகழ்ச்சியைவிட, பணிக்காலத்தில் ஒரு தோழரை இழந்த இரவில் அவருடைய மறையுரை துணைநின்றது என்பது போன்ற உண்மையான ஒரு செய்தியே அவர் நெஞ்சில் தங்கும். பதவி உயர்வு, இடமாற்றம் போன்ற வேண்டுகோள்களை அங்கே எழுப்பக் கூடாது.

ஜெபமாலையை மந்திரித்துத் தரக் கேட்பதென்றால் உறையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் விரித்து வைத்திருங்கள். புகைப்படத்துக்கு உடன் வந்திருக்கும் செயலரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் பெயரையும் வேண்டுதலையும் சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பு கைகூடாமல் போனாலும் அத்தாளைப் பாத்ரே வழியாக ஆயரிடம் சேர்ப்பிக்க முடியும்.