கனடாவில் முதல் வருடங்கள்: கடன், சேமிப்பு, அப்புறம் வீடு

கனடாவுக்கு வந்து இறங்கியவரிடம் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது வேலை கிடைத்ததா என்று. அடுத்தது, வீடு எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று. இந்த இரண்டாவது கேள்விக்கு அவசரப்பட வேண்டாம். வீட்டைத் தள்ளிப் போடலாம். வீட்டுக்கென்று திறக்கும் கணக்கைத்தான் தள்ளிப் போடக்கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கடன். ஊரில் எவ்வளவு நாணயமாகக் கொடுக்கல் வாங்கல் செய்திருந்தாலும் அது பொதுவாக இங்கே கணக்கில் வராது. ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் 300 முதல் 900 வரை போடும் கிரெடிட் ஸ்கோர் என்ற கடன் மதிப்பெண்ணைத்தான் வங்கி பார்க்கும். சாதாரண கிரெடிட் கார்ட் கிடைக்காவிட்டால், ஒரு தொகையை ஈடாக வைத்து செக்யூர்ட் கார்ட் எடுங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் பாவிக்காதீர்கள், பில்லைத் தவணைக்குள் முழுதாகக் கட்டுங்கள். வாங்கிய பொருட்களுக்கு வட்டியே வராது. பில்லில் போட்டிருக்கும் மிகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் மீதிக்குப் பெரும்பாலான கார்ட்களில் ஆண்டுக்கு 20 சதவீதம் அளவில் வட்டி ஓடும். அடுத்த சம்பளம் வரும்வரை என்று கொடுக்கும் பேடே லோன் பக்கம் போகவே வேண்டாம். 100 டொலருக்கு 14 டொலர் வரை கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு வாரக் கடன் என்றால் அது ஆண்டுக்கு 364 சதவீதம்!

இன்னொன்று, “ஒரு கையெழுத்துத்தானே, அண்ணா” என்று கார் கடனுக்கு வந்து நிற்பார்கள். அந்தக் கடனுக்கு நீங்களும் முழுப் பொறுப்பு. நாளைக்கு நீங்கள் மார்ட்கேஜ், அதாவது வீட்டுக்கடன், கேட்கப் போனால் வங்கி அதையும் உங்கள் கடனாகவே எண்ணும். சீட்டும் அப்படித்தான் யோசித்துச் சேர வேண்டியது. பிடிப்பவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கையில் இருக்கும் காசுக்குக் காப்புறுதி இல்லை. சி.டி.ஐ.சி. என்ற கனடா வைப்புக் காப்புறுதி நிறுவனத்தில் உறுப்பினரான வங்கியில் போட்ட வைப்புக்கு, வைப்பின் ஒவ்வொரு வகைக்கும் 100,000 டொலர் வரை உண்டு.

அவசரத்துக்கு எடுக்கக்கூடிய காசை டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். அங்கே வளரும் காசுக்கு வரி இல்லை. 2024, 2025 ஆண்டுகளுக்கு வரம்பு தலா 7,000 டொலர். இது 2009இல் தொடங்கிய திட்டம். அன்றிலிருந்து சேர்ந்த முழு வரம்பும் தங்களுக்கு இருப்பதாக எண்ணிப் புதிதாக வந்தவர்கள் காசைக் கொட்டுவதுண்டு. உங்களுக்கு நீங்கள் கனடாவில் வதிவாளரான ஆண்டிலிருந்துதான் கணக்கு. கூடுதலாகப் போட்டதற்கு மாதம் 1 சதவீதம் அபராத வரி.

இனி வீட்டுக்கான கணக்கு. பெயர் எஃப்.எச்.எஸ்.ஏ., 2023 ஏப்ரலில் வந்தது. ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போட்ட காசை வருமானத்திலிருந்து கழிக்கலாம், முதல் வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. டி.எஃப்.எஸ்.ஏ. போல இதன் வரம்பு தானாக வளராது, கணக்கைத் திறந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். கையில் காசு இல்லாவிட்டாலும் திறந்து வையுங்கள். டிசம்பரில் வெறுமனே திறந்தால்கூட அந்த ஆண்டின் 8,000 கைவிட்டுப் போகாது, ஜனவரியில் 16,000 போடலாம். முதல் வருடச் சம்பளம் குறைவென்றால் வரிக்கழிவை அப்போதே எடுக்க வேண்டியதில்லை. சம்பளம் ஏறும் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, வீடு. “5 சதவீதம் கட்டினால் போதும்” என்று சொல்வார்கள். அது விலையின் முதல் 500,000க்கு மட்டும். அதற்கு மேல் 15 லட்சம் டொலர் வரையான வீட்டில் மீதிக்கு 10 சதவீதம். ரொறன்ரோவில் 800,000 டொலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். முற்பணம் 55,000. இது விலையில் 20 சதவீதத்துக்குக் கீழே என்பதால் மீதி 745,000 டொலர் 25 வருடக் கடனுக்கு, நீங்கள் கட்டத் தவறினால் வங்கியைக் காக்கும் காப்புறுதிக்கு 4 சதவீதக் கட்டணம், அதாவது 29,800 டொலர். அது கடனோடு சேர்ந்துவிடும், ஆனால் அதன்மேல் ஒன்ராறியோ போடும் 8 சதவீத வரியை, 2,384 டொலரை, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று காணி மாற்ற வரி இரண்டு, ஒவ்வொன்றும் 12,475. முதல் வீடு என்றால் மாகாணம் 4,000, நகரம் 4,475 வரை திருப்பித் தரும். அந்தச் சலுகைக்குப் பிறகும் சாவி வாங்கும் நாளில் எல்லாமாக 73,859 டொலர் வேண்டும். வழக்கறிஞர் செலவும் வீட்டுக்குச் சாமான் வாங்குவதும் வேறு.

மாதத் தவணையையும் இன்றைய வட்டியில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். வங்கியே அதோடு 2 சதவீதம் கூட்டி, அல்லது 5.25 சதவீதம் என்று வைத்து, எது கூடவோ அதில்தான் உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்கும்.

ஒன்ராறியோவின் சலுகைக்கு உலகத்தில் எங்குமே உங்களுக்கு வீடு சொந்தமாக இருந்திருக்கக்கூடாது. கலியாணத்தில் உங்கள் பெயருக்கு எழுதிய சீதன வீடும் இதில் அடங்கும், பங்கு மட்டும் இருந்தாலும் அப்படியே. கணவனோ மனைவியோ, உங்கள் துணையாக இருந்த காலத்தில் வீடு வைத்திருந்தாலும் சலுகை இல்லை. எஃப்.எச்.எஸ்.ஏ. திறக்க விதி வேறு: இந்த ஆண்டிலும் முந்தின நான்கு ஆண்டுகளிலும் உங்களுக்கோ இப்போதைய துணைக்கோ சொந்தமான வீட்டில், எந்த நாட்டிலானாலும், குடியிருந்தீர்களா என்றுதான் கேட்பார்கள். ஊர் வீட்டின் உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை, வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.