காட்டுக்கத்தி வாங்கப் போகிறீர்களா? பட்டடையில் பார்க்க வேண்டியவை

கத்தியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் முதலில் தடவுவது வாயை, அதாவது வெட்டும் ஓரத்தைத்தான். வாய் மழுங்கியிருந்தால் அரை மணி நேரத்தில் அரத்தால் தீட்டிவிடலாம். இரும்பும் தோய்ச்சலும் (சிவக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ அமிழ்த்தி இறுகச் செய்வது) பிழையென்றால் வீட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வன்னியில் பாலை, வீரை, முதிரை என்று வைரம் பாய்ந்த மரங்கள் உண்டு. அவற்றில் போட்டால் மெல்லிரும்புக் கத்தி மடியும், தோய்ச்சல் மிஞ்சிய கத்தி பல்லுப் பல்லாக உடையும். லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்த கத்தியே இதற்குத் தோது. அதில் கரிமம் ஏறக்குறைய 0.6 வீதம் இருப்பதால் தோய்ச்சலை ஏற்கும், அடியையும் தாங்கும். கட்டடக் கம்பியில் அடித்ததும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் அது தோய்ச்சலை ஏற்காது. சந்தேகமென்றால் பிடிப்பக்கம் ஓரிடத்தைச் சாணையில் மெல்லத் தொடச் சொல்லுங்கள். மெல்லிரும்பின் பொறி நீளக் கோடாக ஓடும். ஸ்பிரிங் இரும்பின் பொறி நுனியில் பூவாக வெடித்துக் கிளைக்கும்.

பழைய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். நடு ஆணித் துளைக்கு அருகில்தான் அது கூடுதலாக வரும், அந்தத் துண்டில் கத்தி அடிக்க விடாதீர்கள். அடித்து முடிந்த அலகில் மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூள் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் தூளில் ஈரக்கோடு எழும்பும். அந்தக் கத்தியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

காட்டிலோ, பழைய காப்பரண் பக்கத்திலோ கிடக்கும் இரும்பைப் பட்டடைக்குக் கொண்டுபோகவே கூடாது. வெடிக்காத குண்டின் கோதும் துருப்பிடித்தால் வெறும் இரும்பு போலவே தெரியும், தணலுக்குள் போனால் பட்டடையோடு போய்விடும். தொடாமல் தள்ளி நின்று பொலிசுக்கு அறிவியுங்கள்.

தோய்ச்சலைச் சோதிக்க ஓர் அரமும் விரல் தடிப்பில் ஒரு பித்தளைக் கம்பியும் போதும். வாயோரம் அரத்தை இழுங்கள். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் தோய்த்த பிறகு மறுபடி அளவாகச் சூடு கொடுத்து இளக்கவில்லை என்று அர்த்தம். முதுகில் கடிப்பதுபோலவே வாயிலும் கடித்தால் தோய்ச்சலே ஏறவில்லை. கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். பிறகு வாயைச் சரிவாகக் கம்பியில் வைத்து அழுத்துங்கள். வாய் சற்று வளைந்து உடனே நேராகிவிட்டால் நல்லது.

தோய்ச்சல் மிஞ்சியிருந்தால் கொல்லரிடமே திருப்பிக் கொடுத்து இளக்கலாம். அலகை மினுக்கி முதுகுப் பக்கத்தால் சூடு கொடுத்தால் வைக்கோல் மஞ்சள், மண்ணிறம், ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். முதுகு நீலமாகி, வாயில் மண்ணிறம் ஊதாவாகத் திரும்பும்போது நிறுத்த வேண்டும். காட்டு வேலைக்கு அந்தப் பதம் சரி. ஸ்பிரிங் இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்க இடமுண்டு, எண்ணெயில் தோய்க்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

அளவு வேலையைப் பொறுத்தது. பொதுவாக 12 முதல் 14 அங்குல அலகு, முதுகு பிடியடியில் 5–6 மில்லிமீற்றர், நுனியில் 3. விடத்தல், சூரைப் பற்றை துப்புரவாக்க இன்னும் நீளமாய், மெல்லிதாய் இருக்கலாம், முள்ளிலிருந்து கை தள்ளி நிற்கும். வேலியில் நட்டுத் தளிர்க்க வைக்கும் கிளுவைக் கதியால் வெட்டுகிறவர் வாய் மெல்லிதான கத்தியையே பார்க்க வேண்டும். தடித்த வாய் பட்டையை நசித்துவிடும், நசிந்த நுனி தளிர்க்க முன்னம் அழுகும்.

அதிகம் ஏமாறும் இடம் பிடிதான். பிடிக்குள் போகும் வால் 4 அங்குலத்துக்குக் குறையாமல், மறுபக்கம் வெளியே வந்து மடக்கி அடித்திருக்க வேண்டும். அரக்கில் மட்டும் நிற்கும் வால் வெயிலில் கழரும், ஓங்கும்போது அலகு பறந்தால் அருகில் நிற்பவருக்கே ஆபத்து. அலகு வாலாக ஒடுங்கும் மூலை வளைவாக இருக்கட்டும். சதுரமாக வெட்டிய மூலையில்தான் கத்திகள் முறியும். பூண் அசையக் கூடாது. மரம் முதிரை அல்லது நன்றாகக் காய்ந்த புளி. பச்சை மரம் காய்ந்ததும் சுருங்கிப் பூணை விடும், பனஞ்சிலாகை கையில் சிலும்பு ஏற்றும்.

மாரியில் சாக்கால் சுற்றி வைக்காதீர்கள், சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துத் துரு ஏற்றும். அலகில் ஒட்டிய மரத்தின் பாலை மண்ணெண்ணெயால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாமல் கூரை வளையில் செருகி விடுங்கள்.