ரயில்வே சார்ஜ் ஷீட்டுக்குப் பதில் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெரம்பூரில் ஒரு டீக்கடையில் இளைஞர் ஒருவர் தான் எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினார். ரயில்வேயில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. யூனியன் வேலையில் ஆர்வம் உள்ளவர். கூட வேலை பார்க்கும் நண்பருக்கு டிஃபென்ஸ் ஹெல்பராக, அதாவது விசாரணையில் அவர் பக்கம் வாதாடும் சக ஊழியராக, முதல் கேஸை எடுத்திருக்கிறார். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது நண்பர் மீதான புகார். சஸ்பென்ஷனும் ஆகிவிட்டது. கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு மனிதர் பட்ட நஷ்டம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

தேதி தவறாமல் ஆஜராவது, ஜெராக்ஸ் வைத்துக்கொள்வது, கொடுத்த கடிதத்துக்குக் கையெழுத்து வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மன்னிப்புக் கடிதம்

மெமோ, அதாவது சார்ஜ் ஷீட், கைக்கு வந்த அன்றே சூப்பர்வைசர் தோளில் கை போட்டுப் பேசுவார். "சும்மா ஃபார்மாலிட்டிப்பா. தப்பு நடந்துடுச்சு, இனிமே நடக்காதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. வார்னிங்கோட முடிச்சிடலாம்." அவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லலாம். ஆனால் தண்டனை கொடுப்பது அவர் இல்லை. அதைக் கொடுக்கும் அதிகாரியிடம் போய்ச் சேருவது அந்த இரண்டு வரி மட்டும்தான்.

1990-களில் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு ஃபிட்டர் என்னைத் தேடி வந்தார். ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் ஒரு டிப்போவில் வேலை. எஸ்.எஃப்-11, அதாவது மைனர் தண்டனைக்கான மெமோ கொடுத்திருந்தார்கள். பணியில் ஈடுபாடு இல்லை, பார்த்த வண்டியில் குறை இருந்தது. குற்றச்சாட்டு அவ்வளவுதான். எந்தப் பெட்டி, என்ன குறை என்று ஒரு வார்த்தை கிடையாது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ரெண்டு பெட்டில பிரேக் பிளாக் பாக்காம வுட்டுட்டேன்ணா. நாலு பேர் பாக்குற லைன்ல ரெண்டு பேர்தான் இருந்தோம்" என்றார்.

அதை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பணிவாக இருக்கட்டும் என்று 'ட்யூ டு மை நெக்லிஜென்ஸ்' (என் அலட்சியத்தால்) என ஆரம்பித்து, மன்னிக்கும்படி கேட்டு முடித்தேன். இரண்டு பேர்தான் இருந்தார்கள் என்பதை எழுதவில்லை. அதிகாரியைக் குறை சொன்னது போல ஆகிவிடும் என்று பயந்தேன். அவர் படித்துக்கூடப் பார்க்காமல், என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருட இன்க்ரிமென்ட் கட். உத்தரவில் காரணம் ஒரே வரிதான்: ஊழியரே தன் அலட்சியத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்பீலில் ஆள் பற்றாக்குறையைப் பக்கம் பக்கமாக எழுதினேன். இதை ஏன் முதல் பதிலில் சொல்லவில்லை என்று கேட்டு அதைத் தள்ளிவிட்டார்கள். தண்டனை ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ரமோஷன் பட்டியல் வந்தது. தண்டனைக் காலம் முடியும்வரை ப்ரமோஷன் கிடையாது. இவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் இவருக்கு மேலே போனான்.

இத்தனைக்கும் அப்போதே சட்டம் அவர் பக்கம் இருந்தது. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், 1966-இல் 3-ஆவது விதி பணியில் ஈடுபாடு வேண்டும் என்கிறது. அதே விதியில் விளக்கமும் இருக்கிறது. கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில், எதிர்பார்க்கும் தரத்தில் செய்ய *வழக்கமாகவே* தவறுகிறவர்தான் ஈடுபாடு இல்லாதவராகக் கருதப்படுவார். ஒரு நாள், இரண்டு பெட்டி என்பது வழக்கம் ஆகாது. அதோடு 1979-இல் ஜே. அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அசாமில் மாவட்ட நிர்வாகத்தில் இருந்த அதிகாரி அவர். கலவரத்தை முன்கூட்டியே தடுக்கவில்லை, தலைமைப் பண்பைக் காட்டவில்லை என்பவை அவர் மீதான குற்றச்சாட்டுகள். திறமைக் குறைவும், உயர்ந்த தரத்தை எட்டாமல் போவதும் மட்டுமே ஒழுங்கீனம் ஆகிவிடாது என்றது நீதிமன்றம். அலட்சியத்தால் பெரிய கேடு விளைந்திருந்தால்தான் விஷயம் வேறு.

இப்போது என் கடிதத்தைப் பாருங்கள். அந்த ஃபிட்டர் தமிழில் சொன்னது நடந்த விஷயம். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது குற்றம். அதிகாரி நிரூபித்திருக்க வேண்டிய 'அலட்சியம்' என்ற சொல்லை நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் கழித்து இந்த டீக்கடைக் கடிதத்திலும் அதே சொல்தான் முதல் வரியில் இருந்தது. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த பெரம்பூர் இது. இங்கே ஒரு தொழிலாளி தன் மேல் உள்ள குற்றச்சாட்டு என்னவென்று கேட்காமலே மன்னிப்புக் கேட்டால் எனக்குத் தாங்கவில்லை.

உண்மையை மறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விட்டது விட்டதுதான். எதை விட்டார், ஏன் விட்டார், அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள், என்ன பொருள் இல்லை என்று நடந்ததை எழுதுங்கள். கவனக்குறைவு, அலட்சியம், பொறுப்பின்மை மாதிரி தீர்ப்புச் சொற்கள் அந்தக் காகிதத்தில் வரவே கூடாது. குற்றச்சாட்டு மொட்டையாக இருந்தால் எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்தப் பெட்டி, எந்த டியூட்டி லிஸ்டின்படி என்று கேளுங்கள். பதில் கொடுக்க 10 நாள் இருக்கிறது. மைனர் மெமோதானே, விசாரணை எங்கே வரப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். குற்றச்சாட்டு நடந்த சம்பவத்தைப் பற்றியதாக இருந்து, ஊழியர் அதை மறுத்தால், மைனர் தண்டனைக்கும் விசாரணை வேண்டும் என்று ஓ.கே. பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்து எழுதினால்தான் அந்தக் கதவு திறக்கும்.

டீக்கடையில் உட்கார்ந்தபடியே அந்தக் கடிதத்தைத் திருப்பி எழுதினோம். கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

சஸ்பென்ஷனைத் தண்டனை என்று நினைப்பது

மணலி, எண்ணூர் பக்கம் தனியார் ஆலைகளில் யூனியன் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. அங்கே நிலையாணைப்படி, அதாவது ஆலையின் வேலை விதிகளின்படி, சில நாள் சஸ்பென்ஷனே தண்டனையாக இருக்கும். ரயில்வேயில் அப்படி இல்லை. 1968-ஆம் வருட ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் தண்டனைகளை அடுக்கும் 6-ஆவது விதியில் சஸ்பென்ஷன் கிடையாது. அது 5-ஆவது விதியின் கீழ் விசாரணை முடியும்வரை ஆளை வேலையிலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடு. அதனால் சஸ்பென்ஷன் ரத்தானதும் கேஸ் முடிந்தது என்று இனிப்புக் கொடுக்காதீர்கள். சார்ஜ் ஷீட் அப்படியே உயிரோடு இருக்கும்.

நாள்கணக்கை ஹெல்பர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 90 நாளுக்குள் மறுபரிசீலனை செய்து நீட்டிக்காவிட்டால் சஸ்பென்ஷன் உத்தரவு செல்லாது. அதுவரை கையில் கிடைப்பது பிழைப்புப் படி மட்டும்தான்: அரைச் சம்பள விடுப்புக்கு உரிய தொகையும் அதற்கான பஞ்சப்படியும். 3 மாதம் தாண்டியும் விசாரணை இழுத்தால், இழுத்ததற்கு ஊழியர் காரணம் இல்லையென்றால், அந்தப் பிழைப்புப் படியில் பாதி அளவு வரை கூட்டித் தரலாம். கேளுங்கள், தானாக வராது. மேஜர் மெமோவில், அதாவது பெரிய தண்டனைக்கான மெமோவில், ஆரம்பித்த கேஸ் மைனர் தண்டனையில் முடிந்தால் சஸ்பென்ஷன் காலத்துக்கு முழுச் சம்பளம் உண்டு. ஜெயித்த சந்தோஷத்தில் இதைக் கேட்க மறந்துபோன ஹெல்பர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்கள் அந்த மாதங்களை அடகுக் கடையை நம்பி ஓட்டியவை.

சஸ்பென்ஷனில் இருக்கும்போது ஷேர் ஆட்டோ ஓட்டுவது

கூடாது. வேறு வேலையில் இல்லை என்று மாதாமாதம் எழுதிக் கொடுத்துத்தான் ஊழியர் பிழைப்புப் படி வாங்குகிறார்.

அவர்கள் கொடுத்த காகிதங்களோடு நின்றுவிடுவது

எஸ்.எஃப்-5, அதாவது மேஜர் மெமோவோடு நான்கு இணைப்புகள் வரும். குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். புதியவர்கள் அந்த ஆவணப் பட்டியலையே உலகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது நிர்வாகத்துக்குத் தேவையானவற்றின் பட்டியல். உங்களுக்குத் தேவையானது அநேகமாக ஸ்டோர் ரூமில் இருக்கும்.

ஒரு சரக்கு யார்டில் ராத்திரி ஷிஃப்டில் வேகன் பார்ப்பதில் தாமதம் என்று ஒருவர் மேல் கேஸ். மஸ்டர், அன்றைய ஆள் எண்ணிக்கை, ரிஃப்ரெஷர் பயிற்சிப் பதிவு, கருவிகள் வழங்கும் ரெஜிஸ்டர் நான்கையும் கூடுதல் ஆவணங்களாகக் கேட்டோம். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் அவருடைய டார்ச் ரிப்பேருக்குப் போன தேதி இருந்தது, திரும்பி வந்த தேதி இருந்தது. நடுவில் அந்த ராத்திரி. சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணையில் கேட்டபோது அவரும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டு நிற்கவில்லை.

கேட்கும்போது ஒவ்வொரு ஆவணமும் எந்தக் குற்றச்சாட்டுக்கு எப்படிச் சம்பந்தம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். சம்பந்தமில்லை என்று மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

ஐ.ஓ.விடம் (விசாரணை அதிகாரியிடம்) சத்தம் போடுவது

சத்தம் ரெக்கார்டில் ஏறாது. ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள்.

விசாரணையின் தினசரி நடவடிக்கைக் குறிப்பில் படிக்காமல் கையெழுத்து

சாட்சி "தெரியாது" என்று சொன்னது "நினைவில்லை" என்று பதிவாகியிருக்கும். இரண்டும் ஒன்றில்லை. தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் ஏறும்போது இன்னும் கவனம் வேண்டும். என் நெக்லிஜென்ஸ் கதை அதற்குப் போதும்.

இன்னொன்று. ஊழியர் தன்னையே சாட்சியாக விசாரித்துக்கொள்ளாவிட்டால், அவருக்கு எதிராக வந்த சாட்சியங்கள் பற்றி ஐ.ஓ. கடைசியில் அவரிடம் கேட்டே ஆக வேண்டும். அதே 1968 விதிகளில் 9-ஆவது விதியின் 21-ஆம் உட்பிரிவு அது. கேட்காமல் விசாரணையை முடித்தால் உடனே எழுதிக் கொடுங்கள்.

விசாரணை அறிக்கை வந்ததும் ஓய்ந்துவிடுவது

அறிக்கையின் நகலைக் கொடுக்காமல் தண்டிக்கக் கூடாது என்பதை 1990-இல் முகமது ரம்ஜான் கான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்த நகலுக்கு நாம் எழுதும் பதில்தான் தண்டனைக்கு முன்னால் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. சாட்சி சொன்னதையும் ஐ.ஓ. எழுதியதையும் பக்க எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அப்பீல்

தண்டனை உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 45 நாள்.

நேராக ட்ரிப்யூனலுக்கு ஓடுவது

முதலில் அப்பீல். அதற்கு 6 மாதம் பதில் வராவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதில் வந்தால் அந்த உத்தரவு தேதியிலிருந்து ஒரு வருடம். அதற்கு மேல் அதே அதிகாரிக்குத் திரும்பத் திரும்ப மனு போட்டாலும் அந்த ஒரு வருடம் நீளாது.