முழங்கையில் அறுந்த பைசெப்ஸ் தசைநாண்: தாமதமும் அவசரமும் செய்யும் கெடுதல்

கனமான ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது அது திடீரென்று நழுவி, மடங்கியிருந்த முழங்கையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. 'படக்' என்று உள்ளே ஏதோ அறுந்த உணர்வு, முன்பக்கத்தில் சுரீரென்ற வலி. மேற்கையின் முன்பக்கத்தில் திரண்டிருக்கும் பைசெப்ஸ் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் கீழ்முனை அறுவது பெரும்பாலும் இப்படித்தான். நடுத்தர வயது ஆண்களிடம்தான் இது அதிகம். இந்தக் காயத்தில் பெரிய தவறு ஆபரேஷன் அறையில் நடப்பதில்லை. அதற்கு முன்பே, முதல் சில நாள்களில் நடந்துவிடுகிறது.

"வலி குறைஞ்சிடுச்சு, கை நல்லாத்தான் மடங்குது, வெறும் சுளுக்கு" என்று இருந்துவிடுகிறார்கள். கை மடங்குவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. முழங்கையை மடக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது பைசெப்ஸுக்கு அடியில் இருக்கும் பிரேக்கியாலிஸ் என்ற தசை. அது நன்றாக இருக்கும்வரை கை மடங்கும். பைசெப்ஸின் முக்கியமான வேலை வேறு. முன்கையில் இருக்கும் ஆர எலும்பின் மேட்டில் ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை மேல்நோக்கும்படி முன்கையைத் திருப்புவதுதான் அது. வலக்கையால் திருப்புளியைப் பிடித்துத் திருகாணியை இறுக்கும்போது நாம் செலவழிக்கும் விசை இதுதான். அறுந்த தசைநாணை அப்படியே விட்டுவிட்டால் இந்தத் திருப்பும் வலிமையில் ஏறத்தாழ 40 சதவீதமும், மடக்கும் வலிமையில் ஏறத்தாழ 30 சதவீதமும் குறையலாம்.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவது அடுத்த தவறு. தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது. முழங்கை மடிப்பிலும் முன்கையிலும் ஓரிரு நாளில் பரவும் கன்றல், புஜத்தின் தசை மேல்நோக்கி இழுபட்டுத் திரண்டு நிற்பது ஆகியவை நல்ல அடையாளங்கள். ஆனால் தசைநாணின் பக்கவாட்டில் பிரிந்து செல்லும் ஒரு சவ்வு அறுபடாமல் இருந்தால், தசை மேலே ஏறாமல் அங்கேயே நின்றுவிடும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் கையால் செய்யும் பரிசோதனை முக்கியம். முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொல்லி, மருத்துவர் தன் சுட்டுவிரலை வெளிப்பக்கத்திலிருந்து தசைநாணுக்கு அடியில் கொக்கியாக நுழைத்துப் பார்ப்பார். நல்ல தசைநாண் முறுக்கேறிய கயிறு போல விரலில் மாட்டும். அறுந்திருந்தால் மாட்ட ஒன்றும் இருக்காது. 2007-இல் எலும்பியல் மருத்துவர் ஓ'டிரிஸ்கால் குழுவினர் விவரித்த இந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமலே "ஓய்வெடுங்கள்" என்று அனுப்பினால், எலும்பியல் மருத்துவர் ஒருவரிடம் உடனே காட்டுங்கள். சந்தேகம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும்; பாதி அறுந்த நாண்களைக் கண்டுபிடிக்க அது குறிப்பாகப் பயன்படும்.

தோள்பட்டைக் காயத்துக்குச் சொன்ன அறிவுரையை முழங்கைக்குப் பொருத்திப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. பைசெப்ஸுக்கு மேலே இரண்டு நாண்கள், கீழே ஒன்று. மேலே இருக்கும் இரண்டில் நீளமான நாண் (நீண்ட தலையின் நாண்) அறுந்தால் பலர் ஆபரேஷன் இல்லாமலே நன்றாக வாழ்கிறார்கள், ஏனென்றால் இன்னொரு நாண் தாங்கிக்கொள்கிறது. கீழே தாங்க வேறு நாண் இல்லை. "பைசெப்ஸ் அறுந்தால் ஆபரேஷன் தேவையில்லை" என்று யாராவது சொன்னால், எந்த முனை என்று முதலில் கேளுங்கள்.

இதில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? முதல் இரண்டு, மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் நாணை இழுத்து அதன் பழைய இடத்திலேயே பொருத்துவது எளிது. நாள் செல்லச் செல்லத் தசை சுருங்குகிறது, நாண் சுற்றியுள்ள திசுக்களோடு தழும்பாக ஒட்டிக்கொள்கிறது, அது இருந்த பாதையும் அடைபடுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் போனால், தொடையிலிருந்தோ கொடையாளரிடமிருந்தோ எடுத்த நாணை இடையில் வைத்துத் தைக்க வேண்டிய நிலை வரலாம். அது பெரிய ஆபரேஷன். வயதானவர்களும், கையால் கடும் வேலை செய்யத் தேவையில்லாதவர்களும் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுப்பதில் தவறில்லை. ஆனால் விவரம் தெரிந்து அப்படி முடிவெடுக்க வேண்டும். தெரியாமல் காலம் கடத்திவிட்டு அந்த நிலைக்குத் தள்ளப்படுவது வேறு.

ஆபரேஷனுக்கு முன் புகைபிடிப்பதையும் உடற்பயிற்சிக்காக எடுத்த அனபாலிக் ஸ்டீராய்டுகளையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரண்டும் தசைநாணைப் பலவீனப்படுத்துபவை. ஒரு கீறலா, இரண்டு கீறலா என்ற விவாதத்தில் அதிகம் சிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கீறல் முறையில் முன்கைத் தோலின் உணர்வு நரம்பு பாதிக்கப்படுவது சற்று அதிகம். இரண்டு கீறல் முறையில் முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையே புதிய எலும்பு வளரும் அபாயம் சற்று அதிகம். இறுதியில் கிடைக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. உங்கள் மருத்துவருக்குக் கைவந்த முறை எதுவோ அதுவே நல்லது.

ஆபரேஷன் முடிந்ததும் முன்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தால் பதற வேண்டாம். இதுதான் மிக அதிகமாக வரும் சிக்கல். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் விரல்களையோ கட்டைவிரலையோ நிமிர்த்த முடியவில்லை என்றால் அது வேறு நரம்பு. அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். முன்கை திரும்பும் அளவு வாரத்துக்கு வாரம் கூடாமல் குறைந்துகொண்டே போனாலும் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மிகவும் கவலை தரும் தவறு மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. வலி போய்விடும், தையல் பிரித்தாயிற்று, கை இயல்பாகத் தெரியும். எலும்பில் நாணைப் பிடித்துவைக்கும் சிறு பட்டனோ நங்கூரமோ வைத்து இறுக்கியிருப்பதால் "இனி என்ன ஆகிவிடும்" என்ற தைரியமும் வந்துவிடும். அந்தக் கருவிகள் தற்காலிகப் பிடிமானம் மட்டுமே. நாண் எலும்போடு உயிருள்ள திசுவாக ஒட்டுவதற்குக் காலம் ஆகும், அதற்கும் வலி குறைவதற்கும் தொடர்பில்லை. மறுபடி அறுவது அரிது. அறுந்தால் பெரும்பாலும் இந்த ஆரம்ப வாரங்களில்தான். ஜிம்முக்குப் போய்த்தான் அறுபட வேண்டும் என்றில்லை. விழப்போகும் பொருளைச் சட்டென்று பிடிப்பது, குழந்தையைத் தூக்குவது, இறுகிய மூடியைத் திருகுவது ஆகியவையே போதும். முதல் 6 வாரங்களுக்கு அந்தக் கையால் எதையும் தூக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பயத்தில் கையை அசைக்காமலே கட்டி வைத்து, பிசியோதெரபியைத் தள்ளிப்போடுகிறார்கள். முழங்கை இறுகிவிட்டால் அதை மீட்பது கடினம். விரல், மணிக்கட்டு, தோள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். முழங்கையை எப்போது, எவ்வளவு நீட்டலாம் என்பது, எவ்வளவு இறுக்கத்தில் தைத்தார் என்று தெரிந்த உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. இன்னொரு நோயாளியின் அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது.

வலுவூட்டும் பயிற்சி பொதுவாக 8 முதல் 12 வாரத்துக்குள் லேசாகத் தொடங்கும். கடுமையான பளு தூக்க 4 முதல் 6 மாதம் ஆகும். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிரும் பயிற்சி) செய்பவர்கள் ஒரு கையின் உள்ளங்கையை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் வைத்துப் பிடிக்கும் முறையை விட்டுவிடுங்கள். முன்னோக்கியிருக்கும் கையின் பைசெப்ஸ்தான் அங்கே அறுகிறது. ஒரு கையில் அறுந்தவருக்கு மறு கையிலும் அறுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், இது ஆபரேஷன் செய்யாத கைக்கும் பொருந்தும்.